ஓலையில் விடுபட்ட சொல்

ஜூலை 31, திங்கள்

'நைஸ்' என்றால் முட்டாள் என்று அர்த்தமாம். காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது துரை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். லத்தீனில் 'ஒன்றும் அறியாதவன்' என்று பிறந்த சொல், ஊர் ஊராகச் சுற்றி, நடுவில் எங்கேயோ குணம் திருந்தி, 'இனிமையான' என்று ஆகிவிட்டதாம். எனக்குப் புரை ஏறிவிட்டது. பெண் பார்க்க வந்த அன்று இதே மனிதர் என்னைப் பார்த்து "யூ ஆர் வெரி நைஸ்" என்றார். அதை எந்தக் காலத்துக் கணக்கில் எடுத்துக்கொள்வது?

துரை என்றால் சாலமோன் தங்கதுரை. பூர்வீகம் நாசரேத் பக்கம், வேலை பெங்களூரில் இன்சூரன்ஸ் ஆபீஸில். ஆங்கிலச் சொற்களின் பூர்வீகம் என்றால் மனிதருக்கு உயிர். நிச்சயம் ஆன நாளிலிருந்து தினம் காலையில் ஒரு சொல் வருகிறது. மற்ற மாப்பிள்ளைகள் பூ அனுப்புவார்கள். அடுத்த மாதம் 28-ஆம் தேதி எங்கள் எபனேசர்புரம் கோயிலில் எங்களுக்குக் கலியாணம். அவருக்கு வயது நாற்பத்தெட்டு, எனக்கு நாற்பத்து மூன்று. எழுதிவிட்டேன், போதும்.

நூல் மில்லில் இன்று ரிங் பிரேம் மெஷின் இரண்டு ஓடவில்லை. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது.

ஆகஸ்ட் 3, வியாழன்

இன்றைய சொல் 'காஸிப்'. அந்தக் காலத்தில் ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்துகிற ஞானத்தாய், ஞானத்தகப்பனுக்குத்தான் அந்தப் பெயராம். அப்படி உறவான பெண்கள் உட்கார்ந்து பேசப் பேச, பேச்சுக்கே அந்தப் பெயர் வந்து, கடைசியில் ஊர்வம்புக்கு ஆகிவிட்டது. வாயைப் பிளந்துவிட்டேன். ஏனென்றால் என் ஞானத்தாய் லில்லி அத்தை. இந்த ஊரில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது அந்த வீட்டுக்காரிக்கு முன்னால் லில்லி அத்தைக்குத் தெரியும். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்ததும் அவள்தான்.

சாப்பிடும்போது தம்பி பெண்டாட்டி ஷீலா கேட்டாள். "மதினி, பெங்களூர் போனா மில்லு வேலைய விட்டுருவீங்களா?"

"விடாம? தினம் ரயிலேறி வந்து ஷிப்ட் பாக்கவா?"

அவள் சிரிக்கவில்லை. என் தம்பி ஐசக் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டான். அப்பா இறந்து நான் மில்லுக்குப் போனபோது அவன் ஏழாம் வகுப்பு. படிக்க வைத்தேன், செல்போன் கடை வைத்துக் கொடுத்தேன். கடை திறக்கிற நாளைவிட மூடுகிற நாள் அதிகம், அது வேறு கதை. அக்கா போகிறாள் என்றால் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பாசக்காரப் பயல்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

இன்று முதல் ஓலை. எங்கள் கோயிலில் கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபைக்கு அறிவிப்பது. வாசித்தவர், போதகருக்கு உதவியாக வந்திருக்கிற புது உபதேசியார் நவமணி. மாப்பிள்ளையைப் பற்றி, "பிரமச்சாரியாகிய சாலமோன் தங்கதுரை" என்று வாசித்தார். அடுத்து, "எபனேசர்புரம் காலஞ்சென்ற பொன்னையா மகள், நூல் நூற்கிறவளாகிய பெர்சிஸ்" என்றார்.

நூல் நூற்கிறவள்!

முதலில் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புதான் வந்தது. மில்லில் வேலை பார்க்கிறேன், அதைச் சொல்கிறார் போல என்று நினைத்தேன். ஆனால் பெண்கள் பக்கத்தில் சிரிப்பு இல்லை, குசுகுசுப்பு. எனக்குப் பிறகுதான் உறைத்தது. ஓலையில் பெண்ணை 'கன்னிகை' என்று வாசிப்பார்கள், இல்லாவிட்டால் 'விதவை' என்று வாசிப்பார்கள். மூன்றாவதாக ஒன்றை இந்தக் கோயிலில் எவரும் கேட்டதில்லை. என்னைக் கன்னிகை என்று வாசிக்கவில்லை. அப்படியானால் நான் யார்?

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது என்னோடு ஞாயிறு பள்ளியில் படித்த கனியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணும் கவலைப்படாத பெர்சி, ஆண்டவர் எல்லாத்தையும் மன்னிப்பார்" என்றாள். எதை மன்னிப்பார்? என்னத்தை மன்னிப்பார்? நடுமண்டையில் அடித்த மாதிரி நின்றேன்.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

உபதேசியார் வீட்டுக்கு வந்தார். முகம் வாடிய கத்தரிக்காய். நடந்தது இதுதான். துரையின் சபையில் எல்லாம் இங்கிலீஷ். அங்கேயிருந்து வந்த தாளில் அவருக்கு 'பேச்சிலர்', எனக்கு 'ஸ்பின்ஸ்டர்' என்று போட்டிருக்கிறது. உபதேசியாருக்கு முதல் சொல் தெரியும். இரண்டாவதற்கு, கோயில் அலமாரியில் கிடந்த அந்தக் காலத்து அகராதியைப் பார்த்திருக்கிறார். 'நூல் நூற்கிறவள்' என்று முதலில் போட்டிருந்ததாம்.

"அதுக்கு அடுத்தாப்ல ஏதாச்சும் போட்டிருந்துச்சா?" என்று கேட்டேன்.

"அடுத்த பக்கத்தைப் பூச்சி அரிச்சிருந்துச்சும்மா. ஒங்களுக்கு வேலையும் நூல் மில்லுதானே, சரியாப் போச்சுன்னு எழுதிட்டேன்."

இதற்கு யாரைத் திட்டுவது? சிரித்து அனுப்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு திருத்தி வாசிப்பதாக எங்கள் போதகர் ஐயர் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் துரைக்கு போன் போட்டுச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "பெர்சிஸ், உங்க உபதேசியார் சொன்னதுதான் அந்தச் சொல்லோட நிஜமான அர்த்தம். ஸ்பின்ஸ்டர்னா ராட்டை சுத்துறவ. சொந்தமா சம்பாதிச்சு நிக்கிற பொம்பளை. மரியாதையான பேரு. அப்புறம் சட்டத்துல கல்யாணம் ஆகாதவளுக்கு வச்சாங்க. அப்புறம்தான் அது கேலிப் பேச்சா மாறிடுச்சு."

"பேச்சிலர்?"

"அது பயிற்சியில இருக்கிற சின்ன வயசு போர்வீரன்."

"அது கேலியாகலையா?"

"இல்லை, ஆகலை" என்றார்.

அடப்பாவிகளா. கலியாணம் ஆகாத ஆண் கடைசிவரை வீரன். கலியாணம் ஆகாத பெண்ணுக்கு மட்டும் சொல்லே கெட்டுப்போகுமா?

ஐசக் சாப்பிடும்போது, "அக்கா, ஊர் வாய் அடங்கட்டும். கலியாணத்த ஒரு ஆறு மாசம் தள்ளிப் போடுவமா?" என்றான். என் மானம் அவனுக்கு என்னைவிடப் பெரிது.

ஆகஸ்ட் 10, வியாழன்

'ப்ளெஸ்' என்பது ரத்தம் என்ற சொல்லிலிருந்து வந்திருக்கலாமாம். பலி ரத்தத்தைத் தெளிப்பதுதான் ஆசீர்வாதம். கோயில் பக்கம் போனபோது ஐயரிடம் சொன்னேன். "இத சபையில சொல்லிக்கிட்டு இருக்காத தாயி" என்றார்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இரண்டாம் ஓலை. திருத்துகிறேன் பேர்வழி என்று உபதேசியார் என்னைக் குழியில் தள்ளி மண்ணும் போட்டுவிட்டார்.

"பொன்னையா மகள்..." என்று வாசித்து நிறுத்தி, கண்ணாடியைச் சரிசெய்து, சபையை ஒரு பார்வை பார்த்து, "கன்னிகையாகிய!" என்று ஒரு போடு போட்டார். அப்படி அழுத்தாமல் இருந்திருந்தால் பாதிப் பேர் போன வாரத்தை மறந்தே போயிருப்பார்கள். இப்போது ஆண்கள் பக்கமும் சிரிப்பு. வெளியே வரும்போது யாரோ கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது. "போன வாரம் இல்லாதது இந்த வாரம் எங்கேருந்துடே வந்துச்சு?"

பெண்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் என் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

ஆகஸ்ட் 14, திங்கள்

துரையின் அக்கா பெங்களூரிலிருந்து ஐசக்குக்கு போன் செய்தாளாம். நாசரேத் சொந்தக்காரர்கள் மூலமாக ஓலை விஷயம் அங்கே எட்டிவிட்டது. நான் அப்போது ஷிப்டில் இருந்தேன். "நான் பேசிட்டேன்க்கா, நீ ஒண்ணும் நெனச்சுக்காத" என்றான். தம்பி இருக்கும்போது எனக்கு என்ன குறை.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

லீவு. காலையில் பட்டாணியை உரித்துக்கொண்டிருந்தபோது துரை போன் செய்தார். வழக்கமாக 'இன்னைக்கு ஒரு சொல்' என்றுதான் ஆரம்பிப்பார். இன்று தொண்டையைக் கனைத்தார்.

"பெர்சிஸ், நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அக்காதான் ரொம்பக் கலங்கிப் போயிருக்கா. ஒரு லேடி டாக்டர்கிட்ட சர்டிபிகேட் மாதிரி வாங்கிட்டா, எல்லார் வாயும் அடைஞ்சிடும்."

"என்ன சர்டிபிகேட்?"

சொல்லவில்லை. நான் விடவில்லை. கடைசியில் அவர் சொல்லாமலே எனக்குப் புரிந்துவிட்டது. கையிலிருந்த பட்டாணி எல்லாம் தரையில் ஓடின. நாற்பத்து மூன்று வயதில், ஒரு மில்லின் முழுப் பகுதியையே கட்டி மேய்க்கிற என்னை, ஒரு டாக்டர் முன்னால் படுக்கச் சொல்கிறார்கள். எதற்கு? பூச்சி அரித்த ஒரு பக்கத்துக்காக.

"சர்டிபிகேட்டுங்கிறதுக்கு ஒண்ணும் பெரிய அர்த்தம் இல்லைங்க. லத்தீன்ல பாத்தா, நிச்சயப்படுத்துறது, அவ்வளவுதான்" என்றார்.

"எங்க ஊர்ல நிச்சயம்னா மோதிரம் போடுறது. அது முடிஞ்சிட்டு."

அவர் பெருமூச்சு விட்டார். "அக்கா உங்க தம்பிகிட்டயே கேட்டுப் பாத்தாங்க. அவரே 'எங்க வாயால என்னத்தைச் சொல்ல'ன்னு சொல்லிட்டாராம். அதுக்கு மேல நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க."

அந்த அக்காக்காரி திரித்துச் சொல்லியிருப்பாள். ஐசக் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான். பட்டாணியைப் பொறுக்கவே ரொம்ப நேரம் ஆனது. கட்டிலுக்கு அடியில் இன்னும் கொஞ்சம் கிடக்கிறது.

ஆகஸ்ட் 16, புதன்

ஷிப்ட் முடிந்து நேரே லில்லி அத்தை வீட்டுக்குப் போனேன். ஊர் முழுக்க இதைப் பரப்பியது அவளாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆத்திரம். படி ஏறும்போதே கத்த ஆரம்பித்துவிட்டேன்.

அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏட்டி, ஒந்தம்பி என்ன சொன்னான்னு சொன்ன? திருப்பிச் சொல்லு" என்றாள்.

"எங்க வாயால என்னத்தைச் சொல்லன்னானாம். பொய்யி. அந்தப் பொம்பள கட்டி விட்ருக்கா."

அத்தை கையைக் கழுவினாள். ஈரக் கையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "பெர்சி, அந்த சாத்தான்குளத்து மாப்பிள்ள ஞாபகம் இருக்கா? வாத்தியாரு."

"அவருக்கு வெளிநாட்டு வேல கெடச்சிட்டு."

"ஒரு வேலையும் கெடைக்கல. இன்னும் சாத்தான்குளத்துலதான் இருக்கான், ரெண்டு பிள்ள. அவன் தாயி ஐசக்குகிட்ட விசாரிச்சா. 'எங்க வாயால என்னத்தைச் சொல்ல'ன்னு தலையக் குனிஞ்சானாம். தூத்துக்குடி ஹார்பர் மாப்பிள்ள வீட்லயும் அதே பேச்சுதான். ஒரு வார்த்த கூட மாறலட்டி. நாந்தானே ரெண்டு தடவயும் இடையில நின்னேன். எங்கிட்டதானே வந்து சொன்னாவ."

எனக்குக் காது அடைத்துவிட்டது. மில்லுக்குள் நிற்பதுபோல ஒரே இரைச்சல். அத்தையின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று எப்படியோ கேட்டேன்.

"சொன்னா நம்பிருப்பியா? அவன் ஒனக்குத் தம்பியா, பிள்ளல்லா. என்னத்தான் வெளக்குமாத்தால அடிச்சிருப்ப. ஊர்க்கத பூரா பேசுதவ, இந்த ஒண்ண மட்டும் முழுங்கிட்டே இருந்தேன். இப்ப பெங்களூர்னு தூரத்துல பாத்தா அவன் கை எட்டாதுன்னு நெனச்சேன். எட்டிட்டு."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. சாத்தான்குளம் தட்டிப்போன அன்று நான் சாப்பிடாமல் படுத்திருந்தேன். ஐசக் பஸ் ஏறித் திருநெல்வேலி போய் அல்வா வாங்கி வந்து எனக்கு ஊட்டிவிட்டான். "ஒனக்கு நான் இருக்கேன்க்கா" என்றான். ஊட்டிய கையை நான் முத்தமிட்டேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

ஷிப்ட் பார்த்தேன். சமைத்தேன். ஐசக்குக்கு மீன் குழம்பில் தலைத்துண்டு பிடிக்கும். எடுத்து வைத்தேன். என் கை என்னைக் கேட்காமலே எடுத்து வைத்துவிட்டது.

ஆகஸ்ட் 18, வெள்ளி

நாள் முழுக்க ரிங் பிரேம் நடுவில் நடந்துகொண்டு ஒரே சொல்லைப் பற்றி நினைத்தேன். நூல் நூற்கிறவள் எப்படிக் கலியாணம் ஆகாதவள் ஆனாள்? துரை சொல்வது, கலியாணம் ஆகாதவர்கள் பிழைப்புக்கு நூற்றார்கள், அதனால் அந்தப் பெயர் வந்தது என்று. படித்தவர், சரியாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. அந்த ஊரிலும் வீட்டுக்கு வீடு ஒரு ஐசக் இருந்திருப்பான். நூற்கிறவளை எந்த வீடு வெளியே அனுப்பும்? ராட்டை சுற்றுகிறவரை வீட்டில் அடுப்பு எரிகிறதே.

இத்தனை வருஷம் என் தம்பிக்கு என்னைப் பிரிய மனசில்லை என்று எழுதி வந்திருக்கிறேன். அது உண்மைதான். நான்தான் அர்த்தத்தைத் தப்பாகப் பார்த்தேன்.

அவனிடம் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அழுவான். அவன் அழுதால் நான் கரைந்துவிடுவேன். அந்தப் பயம் எனக்கு இருக்கிறது.

ஆகஸ்ட் 19, சனி

துரையை எனக்குப் பிடித்திருக்கிறது. அதை இங்கே எழுத என்ன வெட்கம். காலையில் எழுந்ததும் போனைத் தேடுகிற பழக்கம் அவரால்தான் வந்தது. பெங்களூரில் அவர் வீட்டுச் சமையலறையில் எந்தப் பக்கம் ஜன்னல் என்றுகூடக் கேட்டு வைத்திருக்கிறேன். தம்பி செய்ததற்கு அவர் என்ன செய்வார்? அவர் அக்கா பேச்சுக்கும் அவர் பொறுப்பில்லை. அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும், நான் போய்விடுவேன்.

அதனால் பள்ளிக்கூடத் தமிழில் ஒழுங்காக எழுதி அனுப்பினேன். "சர்டிபிகேட் எதுவும் வேண்டாம், பெர்சிஸின் வார்த்தையே போதும் என்று உங்கள் அக்காவிடம் நீங்களே சொல்வீர்களா? நாளை மூன்றாம் ஓலை. அதற்கு முன் பதில் வேண்டும்."

உடனே பார்த்துவிட்டார். நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. யோசிக்கிறார் போல. யோசிக்கட்டும்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

காலையில் பதில் வந்தது.

"இன்றைய சொல்: ஸில்லி. முதலில் 'ஆசீர்வதிக்கப்பட்டவர்' என்று பொருள். பிறகு 'அப்பாவி'. பிறகு 'பாவப்பட்டவர்'. இன்று 'அசடு'. குட் மார்னிங், பெர்சிஸ்!"

அவ்வளவுதான். கீழே ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. நான் கேட்ட கேள்வியை அவர் பார்த்தார், கடந்து போய்விட்டார். உலகத்தில் உள்ள எல்லாச் சொல்லும் இந்த மனிதருக்குத் தெரியும். எனக்காகச் சொல்ல ஒன்று கிடைக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு பாட்டம் அழுதுவிட்டு, முகம் கழுவிக் கோயிலுக்குப் போனேன்.

இந்த முறை ஐயரே வாசித்தார். உபதேசியாரை நம்பவில்லை. ஐசக் வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஐயர் ஒரு ஏற்ற இறக்கம் இல்லாமல், கடகடவென்று வாசித்தார். கன்னிகை என்பது மற்ற சொற்களோடு சொல்லாக ஓடிப்போனது. "இவர்கள் விவாகத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் இப்போதே சொல்லலாம். இது மூன்றாம் முறை" என்று முடித்து, யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்ற பழக்கத்தில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

நான் எழுந்து நின்றேன்.

"ஐயரே, தடை இருக்கு."

ஐயர் என்னைப் பார்த்தார். "பெர்சிஸ், உக்காரும்மா. இது ஒன் ஓலதான்."

இரண்டொருவர் சிரித்தார்கள்.

"அதனாலதான் சொல்லுதேன். என்னைய நம்ப மாப்பிள்ள வீட்டுல டாக்டர் சர்டிபிகேட் கேக்காவ. நான் குடுக்க மாட்டேன். எனக்கு இந்தக் கலியாணத்துல சம்மதம் இல்ல."

பெண்கள் பக்கம் யாரோ "ஆண்டவரே!" என்றார்கள். உபதேசியார் அவசரமாக ஜெபப் புத்தகத்தைப் புரட்டினார். பெண்ணே எழுந்து தடை சொன்னால் என்ன செய்வது என்று அதில் போட்டிருக்கிறதா என்று தேடியிருப்பார். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டு, ஓலைத் தாளை நான்காக மடித்து அங்கிப் பைக்குள் வைத்தார். "சரி" என்றார். "உக்காரு தாயி."

பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். நானா பேசினேன் என்று எனக்கே நம்ப முடியவில்லை. லில்லி அத்தை பின்னாலிருந்து தோளில் கை வைத்தாள். அத்தையின் மாடி அறை காலியாக இருக்கிறது. துணிமணியைச் சாயங்காலம் எடுத்துக்கொள்வதாகக் காதில் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் ஐசக் ஓடி வந்தான். முகத்தைத் துக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தான். கண் கேட்கவில்லை, அது மலர்ந்து கிடந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன். லில்லி அத்தை சொல்லியும் மனசின் ஒரு ஓரத்தில் நான் நம்பாமல் வைத்திருந்தது அப்போது போய்விட்டது.

"போட்டும்க்கா, விடு. ஒனக்கு நான் இருக்கேன்லா" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ள வீட்டுலேருந்து கேப்பாவ. நான் என்னக்கா சொல்லட்டும்?" என்றான்.

"சாத்தான்குளத்துக்காரங்ககிட்ட சொன்னதையே சொல்லுலே" என்றேன்.

அடுத்த ஆராதனைக்கு வந்தவர்கள் அவனை இடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். அவன் நகரவில்லை.